ஊர் பெற்ற பல்கலைக்கழகம்: காந்திகிராமம், 1947 முதல்

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மதுரை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் இடையில் இருக்கிறது காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கிழக்கே சிறுமலை, மேற்கே கீழ்ப்பழனி மலைத்தொடர், நடுவே கிணற்றுப் பாசனத்தையும் மானாவாரியையும் நம்பிய சமவெளி. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முதலில் நகரத்தில் எழுந்து, பிறகு சுற்றுவட்டாரத்துக்குக் கை நீட்டியவை. காந்திகிராமத்தின் வரலாறு வேறு வகை. மருத்துவமனையும் பள்ளியும் நூற்புக்கூடமும் முதலில் வந்தன. பட்டயப் படிப்பு 9 ஆண்டு கழித்து வந்தது. பல்கலைக்கழகத் தகுதி வந்து சேர 29 ஆண்டு ஆயிற்று. அந்த வரிசைதான் இந்நிறுவனத்தின் பலத்துக்கும், பின்னாளில் அது சந்தித்த இழுபறிக்கும் காரணம்.

கல்விக்கூடத்தின் அறிவை அதன் சுவருக்கு வெளியே கொண்டு செல்லும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டில் மேற்கில் உருப்பெற்றது. 1873-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் தூண்டுதலால், தொழில் நகரங்களுக்கு விரிவுரையாளர்களை அனுப்பத் தொடங்கியது. அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டின் மாரில் சட்டம் வேளாண் கல்லூரிகளுக்கு நிலம் வழங்கியது. 1914-ஆம் ஆண்டின் ஸ்மித்–லீவர் சட்டம் அக்கல்லூரிகளின் ஆய்வை ஒவ்வொரு வட்டத்து உழவரிடமும் சேர்க்கும் பணியாளர் அமைப்பை உண்டாக்கியது. டென்மார்க்கில் க்ருண்ட்விக்கின் சிந்தனையில் பிறந்த மக்கள் உயர்பள்ளிகள் 1844 முதலே விவசாயிகளின் பிள்ளைகளுக்குத் தேர்வும் சான்றிதழும் இல்லாத கல்வியைக் கொடுத்தன. இந்தியாவில் 1922-ல் ரவீந்திரநாத் தாகூர், ஆங்கிலேய வேளாண் அறிஞர் லெனார்டு எல்ம்ஹர்ஸ்டைத் துணைக்கொண்டு, சாந்திநிகேதனுக்கு அருகே சுருல் கிராமத்தில் ஸ்ரீநிகேதனைத் தொடங்கினார். காந்திகிராமத்தை நிறுவிய இருவரில் ஒருவரான ஜி. ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் படித்தவர். தாகூரின் மாணவராகத் தொடங்கி காந்தியின் தொண்டராக மாறியவர்.

மற்றவர் டாக்டர் டி. எஸ். சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனத்தின் நிறுவனர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். 1904-ல் பிறந்தவர், முதல் கணவரை இளமையிலேயே இழந்தபின் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். கைம்பெண் வீட்டு மூலையில் ஒடுங்கியிருக்க வேண்டும் என்று சமூகம் எதிர்பார்த்த காலம் அது. 1940-ல் காந்தியின் ஆசியோடு ராமச்சந்திரனை மணந்தார். 1944-ல் கஸ்தூரிபா காலமான பிறகு, கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக அமைந்த கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பை சௌந்தரம் ஏற்றார். கிராமங்களில் தங்கி வேலை செய்யும் சேவிகைகளைப் பயிற்றுவிப்பது அதன் முக்கிய வேலை. பின்னாளில் காந்திகிராமத்தின் கல்வி முறையில் தெரியும் பல கூறுகளுக்கு இந்தச் சேவிகைப் பயிற்சிதான் மூலம்.

1946 பிப்ரவரியில் மதுரைக்கும் பழனிக்கும் பயணம் செய்த காந்தி, அம்பாத்துரை ரயில் நிலையத்தில் திரண்ட மக்களைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு, 1947 அக்டோபர் 7 அன்று, அதே வட்டாரத்தில் காந்திகிராமம் தொடங்கப்பட்டது. சின்னாளபட்டி மக்கள் நிலம் கொடுத்தார்கள். சின்னாளபட்டி கைத்தறி நெசவாளர்களின் ஊர். அங்கு நெய்யப்பட்ட சேலைகள் ஊரின் பெயரிலேயே தமிழ்நாடெங்கும் விற்றன. சுற்றிலும் இருந்த சிற்றூர்களில் மருத்துவரும் இல்லை, பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவரும் இல்லை. எனவே சௌந்தரம் தம் தொழிலிலிருந்தே தொடங்கினார். சின்னாளபட்டியில் திறந்த சிறு மருந்தகம் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. அதனோடு ஆதாரக் கல்விப் பள்ளி, ஆசிரியர் பயிற்சி, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம், கதர் மற்றும் கிராமத் தொழில் பிரிவு, சித்த ஆயுர்வேத மருந்து தயாரிப்பு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழிலே பாடத்தின் மையம். அந்த முறைக்கு நெசவாளர் ஊர் பொருத்தமான இடமாக அமைந்தது.

இப்படி ஊரோடு ஊராக வளர்ந்துகொண்டிருந்த இடத்துக்கு உயர்கல்வி வந்த வழி டெல்லியில் போடப்பட்டது. 1948-ல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் அமைந்தது. அறிக்கை 1949-ல் வந்தது. ஆணையத்தில் இருந்த அமெரிக்கர் ஆர்தர் மார்கன், டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவர். அதற்கு முன் ஆன்டியாக் கல்லூரியின் தலைவராக இருந்து, மாணவர்கள் ஒரு பருவம் படிப்பதும் ஒரு பருவம் வேலை செய்வதுமான முறையை நடைமுறைப்படுத்தியவர். கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்ற பரிந்துரையில் அவர் கைவண்ணம் அழுத்தமாகத் தெரிகிறது. சுமார் 300 மாணவர் கொண்ட சிறு உறைவிடக் கல்லூரிகள் வளையமாக அமையும். நடுவில் சிறப்புப் பாடங்களுக்கான பல்கலைக்கழகம் இருக்கும். கீழே கிராமப் பள்ளிகள் வரை தொடர்ச்சி அறுபடாது. நாட்டின் பெரும்பகுதி கிராமத்தில் வாழும்போது உயர்கல்வி முழுவதும் நகரத்துக்காகவே இருக்கக்கூடாது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. அதை இன்று படித்தாலும் அதன் துணிவு குறையவில்லை.

பரிந்துரை அப்படியே நிறைவேறவில்லை. 1954-ல் கே. எல். ஸ்ரீமாலி தலைமையில் அமைந்த குழு, பல்கலைக்கழகங்களுக்குப் பதிலாகக் கிராமிய உயர்கல்வி நிறுவனங்களைத் தொடங்கலாம் என்று சொன்னது. 1956-ல் கிராமிய உயர்கல்விக்கான தேசிய மன்றம் அமைந்தது. ஏற்கெனவே மக்கள் பணியில் வேரூன்றியிருந்த இடங்களே இந்நிறுவனங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன: வங்கத்தில் ஸ்ரீநிகேதன், டெல்லியில் ஜாமியா மிலியா, ராஜஸ்தானில் உதய்ப்பூர் வித்யாபவன், குஜராத்தில் சனோசரா லோகபாரதி, மகாராஷ்டிரத்தில் கார்கோட்டி மௌனி வித்யாபீடம். தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று கோவை பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், இன்னொன்று காந்திகிராமம்.

பாடத்திட்டத்தின் நடுநாயகம் மூன்றாண்டு கிராமப் பணிப் பட்டயம். கூட்டுறவு, ஊராட்சி நிர்வாகம், சமூகக் கல்வி, கிராமத் தொழில் என்று பாடங்கள் இருந்தன. வேளாண்மைச் சான்றிதழ், கிராமப் பொறியியல் பட்டயம், சுகாதார ஆய்வாளர் பயிற்சி ஆகியவையும் நடந்தன. மாணவர்கள் விடுதியில் தங்கி, தங்கள் வளாகத்தைத் தாங்களே பெருக்கி, நூல் நூற்று, பிறகு ஊர்களுக்குப் போனார்கள். 1952 அக்டோபர் 2-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் வட்டாரங்களைப் பிரித்துப் பணியாளர்களை நியமித்துக்கொண்டிருந்தது. அவர்களில் சமூகக் கல்வி அமைப்பாளர்களுக்கான பயிற்சி மையம் ஒன்று காந்திகிராமத்திலும் இயங்கியது. அரசின் வட்டார வளர்ச்சிப் பணியும் கல்விக்கூடத்தின் பாடமும் இப்படி ஒரே மண்ணில் சந்தித்தன.

பட்டயத்துக்கு ஒரு தீராத சிக்கல் இருந்தது. மத்திய அரசு அதை வேலைவாய்ப்புக்கு முதல் பட்டத்துக்கு இணையானதாக ஏற்றது. பல்கலைக்கழகங்கள் பல, மேற்படிப்புக்குச் சேர்க்கத் தயங்கின. கிராமத்து இளைஞர் ஒருவர் மூன்றாண்டு படித்து முடித்து, பக்கத்துக் கல்லூரியில் பி.ஏ. படித்தவர் போகும் கதவு தமக்குத் திறக்காது என்று அறிவது சிறிய ஏமாற்றம் அல்ல. நாட்டின் பிற கிராமிய நிறுவனங்கள் பெரும்பாலும் இதன் அழுத்தத்தில் சாதாரணக் கல்லூரிகளாக மாறின அல்லது பல்கலைக்கழகங்களோடு இணைந்தன. கிராமக் கல்வி என்பது இரண்டாம் தரக் கல்வி என்ற எண்ணத்தைக் கொள்கை வகுத்தவர்கள் போக்கவில்லை. அந்த முயற்சி தளர்ந்ததற்குக் கிராமங்களின் மேல் பழி சொல்வது நியாயமில்லை.

இதே காலத்தில் ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த சுகாதாரப் பணிதான் காந்திகிராமத்தின் மிக ஆழமான விரிவாக்கம் என்று சொல்லத் தகுந்தது. இது சேலம் மாவட்டத்து ஆத்தூர் அல்ல; திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, குடகனாற்றின் காமராசர் அணை இருக்கும் ஆத்தூர். இந்த வளர்ச்சி வட்டாரத்தில் 1959-ல் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. மாநில அரசும் மத்திய அரசும் ஃபோர்டு அறக்கட்டளையும் துணை நின்றன. வட்டாரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் பெரிது. ஆனால் ஒரு மாவட்டமே பின்பற்றத்தக்க முறையைச் சோதிக்கச் சரியான அளவு.

சென்னை மாநில அரசு 1950-களின் பிற்பாதியிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கியிருந்தது. பணமும் மருத்துவரும் இருந்தால் மட்டும் மக்கள் வந்துவிடமாட்டார்கள் என்பதை ஆத்தூர்ப் பணியாளர்கள் விரைவில் கண்டார்கள். ஒவ்வொரு தெருவிலும் யார் சொன்னால் மற்றவர் கேட்கிறார்கள் என்று விசாரித்து, அப்படிப்பட்ட ஆண்களையும் பெண்களையும் அடையாளம் கண்டு, முதலில் அவர்களுக்கு விளக்கினார்கள். அப்படிப்பட்டவர் பெரும்பாலும் பதவியில் இருப்பவராக இருக்கமாட்டார். பேறுகாலத்தில் அக்கம்பக்கத்தார் கூப்பிடும் அக்காவாக இருக்கலாம். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மறுபடி வயலில் இறங்கி உழுதவராக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணைச் செவிலியர் ஒருநாளில் எவ்வளவு நேரத்தை எதில் செலவிடுகிறார், எத்தனை வீடுகளை உண்மையாகவே பார்க்க முடியும், எந்தப் பதிவேடுகள் வேலையைக் கெடுக்கின்றன என்பதையெல்லாம் ஆராய்ந்து அவருடைய வேலைப் பகுதியை மாற்றியமைத்தார்கள். தாய்சேய் நலமும் தடுப்பூசியும் குடும்பநலமும் வெவ்வேறு ஆள் கொண்டுவரும் வெவ்வேறு செய்தியாக இல்லாமல், வாசலில் வந்து நிற்கும் ஒருவரின் வேலையாகச் சேர்ந்தன.

இப்பணியை நிலைப்படுத்த 1964-ல் காந்திகிராம ஊரகச் சுகாதாரம் மற்றும் குடும்பநல நிறுவனம் உருவாயிற்று. அதன் இயக்குநராக இருந்த டாக்டர் கே. ஏ. பிஷாரோட்டி, ஆத்தூர் அனுபவத்தை எழுதி உலகறியச் செய்தவர். பத்தாண்டுக்குள் வட்டாரத்தின் பிறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்தது. வற்புறுத்தல் இல்லாமல், வீடுவீடாகப் பேசியே இது நடந்தது என்பதற்காகவே அந்த அனுபவத்தை இன்றும் படிக்க வேண்டும். 1975–77 நெருக்கடி நிலைக் காலத்தில் வட இந்தியாவில் நடந்த கட்டாய அறுவைச் சிகிச்சைகளுக்கு அது முன்பே எழுதி வைக்கப்பட்ட மறுப்பு. சுகாதார ஆய்வாளர்கள், செவிலியர்கள், அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் என்று தென்மாநிலங்களின் சுகாதாரத் துறைகளுக்கு இந்நிறுவனம் தொடர்ந்து ஆள்களைப் பயிற்றுவித்தது.

காந்திகிராமத்தைச் சுற்றி வேறு மனிதர்களும் சேர்ந்தார்கள். அமெரிக்க மிஷனரியாக வந்து காந்தியத்தில் கரைந்த ஆர். ஆர். கெய்த்தான் அவர்களில் ஒருவர். சர்வோதயத் தலைவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும், இவ்வட்டாரத்தில் ஒடுக்கப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்து சௌந்தரத்தின் ஆதரவில் வளர்ந்த கிருஷ்ணம்மாளும் 1950-ல் மணந்துகொண்டு, நிலமற்றோருக்கு நிலக்கொடை கேட்கும் பூதான இயக்கத்தில் இறங்கினார்கள். வத்தலக்குண்டு வட்டாரம், ஊர் நிலத்தைப் பொதுவாக்கும் கிராமதானத்துக்குப் பேர்பெற்றது. வளாகத்துக்குள் ராமச்சந்திரன் மாணவர்களைக் கொண்டு சாந்தி சேனையை உருவாக்கினார். ஒழுங்கும் அணிவகுப்பும் இருக்கும்; ஆயுதம் இருக்காது. சாதிச் சச்சரவு மூண்ட ஊருக்குப் போய் இரு தரப்பையும் பேச வைப்பது, வெள்ளம் தீ வந்தால் உதவுவது அதன் வேலை. 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டின் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியபோது, அதற்கு ஒத்த அனுபவம் காந்திகிராமத்து மாணவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

சௌந்தரம் அரசியலிலும் இருந்தார். 1952-லும் 1957-லும் சட்டமன்றத்துக்கும், 1962-ல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் சென்றார். நேரு அமைச்சரவையில் கல்வித் துணை அமைச்சரானார். அதே ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார்.

1976-ல் கிராமிய நிறுவனம் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்கீழ் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ராமச்சந்திரனே முதல் துணைவேந்தர். அது முதல் மருத்துவமனையும் பள்ளிகளும் கதர்ப் பிரிவும் காந்திகிராம அறக்கட்டளையிடம் இருக்க, பல்கலைக்கழகம் தனி நிர்வாகமாக நடந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வளாகங்கள், பெயர் ஒன்று, நிறுவியவர்கள் ஒன்று. ஆனால் நிதியும் விதியும் வேறு. பட்டயக்காரர்களின் பழைய குறை தீர்ந்தது. பட்டமும் முனைவர் ஆய்வும் வந்தன. கூடவே மானியக்குழுவின் பணியிட விதிகள், ஆய்வுக் கட்டுரைக் கணக்கு, தேர்வு அட்டவணை ஆகியவையும் வந்தன. ஊரில் ஒரு மாதம் தங்கி ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நிமிர்த்திய ஆசிரியருக்குப் பதவி உயர்வில் எந்த மதிப்பெண் என்ற கேள்விக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் நல்ல பதில் இருந்ததில்லை. காந்திகிராமமும் இதிலிருந்து தப்பவில்லை.

அடுத்த ஆண்டே மானியக்குழு தன் கொள்கை அறிக்கையில், கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் சமமான மூன்றாம் கடமை விரிவாக்கம் என்று அறிவித்தது. 1978 அக்டோபர் 2-ல் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரையிலான 10 கோடிப் பேருக்கு எழுத்தறிவு கொடுப்பது இலக்கு. பல்கலைக்கழகங்கள்தோறும் முதியோர் கல்வித் துறைகள் முளைத்தன. பல இடங்களில் அவை வளாகத்தின் ஓரத்தில் தனித் துறையாக ஒதுங்கிவிட, மற்றத் துறைகள் தங்கள் பாட்டுக்கு நடந்தன. காந்திகிராமம் இங்கே வேறு வழியை எடுத்தது. எந்தத் துறை மாணவரானாலும் ஊரில் தங்கியே தீரவேண்டும் என்று வைத்தது. வேதியியல் படிப்பவரும் தமிழ் படிப்பவரும் கணினி படிப்பவரும் தங்கள் ஆசிரியரோடு சில நாள் ஒரு கிராமத்தில் தங்க வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. வேதியியல் மாணவர்கள் கிணற்று நீரின் உப்புத்தன்மையைப் பார்க்கலாம். திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட ஊர்களில் அந்தப் பரிசோதனை வெறும் பாடப் பயிற்சி அல்ல. நல்லெண்ணத்தை மட்டும் நம்பிய விரிவாக்கங்கள் ஆர்வமுள்ள ஆசிரியர் ஓய்வு பெற்றதும் நின்றுபோயின. பாடத்திட்டத்தில் ஏறியது நின்றது. நாகாலாந்து அமைதிப் பணியில் பேர்பெற்ற டாக்டர் மு. அரம் துணைவேந்தராக இருந்த காலமும் இந்த வழியில்தான் நடந்தது. 1985 செப்டம்பர் 15-ல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது. பிறகு மாவட்ட நிர்வாகமே பல்கலைக்கழகத்தின் பக்கத்து வீட்டுக்காரராயிற்று.

மாவட்ட நிர்வாகத்தைவிடப் பெரிய கூட்டாளி 1990-களில் வந்தார்: ஊராட்சித் தலைவர். 1993-ல் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 அக்டோபரில், பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு, உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம். முதல்முறை கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கணவரோ, ஊர்ப் பெரியவரோ, எழுத்தரோ தங்கள் பெயரில் ஆட்சி நடத்துவதை எதிர்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள். காந்திகிராமத்தில் பேராசிரியர் க. பழனித்துரை இப்பிரதிநிதிகளுக்குப் பயிற்சி கொடுப்பதையும் அவர்கள் அனுபவத்தைப் பதிவு செய்வதையும் பெரும் பணியாக எடுத்துச் செய்தார். கிராமசபையை எப்படிக் கூட்டுவது, வரவுசெலவை எப்படிப் படிப்பது, தீர்மானத்தை எப்படி எழுதுவது, அதிகாரியிடம் எந்த விதியைக் காட்டிக் கேட்பது என்பவை பாடங்கள். பாடம் கேட்டவர்கள் திரும்பிப் போய் ஊரில் செய்ததே அடுத்த பயிற்சிக்கு எடுத்துக்காட்டாயிற்று. பல்கலைக்கழகம் கற்பிப்பதும் ஊரிடம் கற்பதும் ஒரே அறையில் நடந்த சில இடங்களில் இது ஒன்று. ஆத்தூர்ச் சுகாதாரப் பணிக்கு அடுத்தபடியாக வைக்கத்தக்கது இதுவே.

உழவர் பக்கத்தில், ஊருக்குக் கற்பித்து ஊரிடம் கற்கும் இந்த வேலையைச் செய்வது வேளாண் அறிவியல் நிலையம். நாட்டின் முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. திண்டுக்கல் மாவட்டத்துக்கான நிலையம் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. புது ரகத்தை உழவரின் வயலிலேயே சோதிப்பது, முன்னிலை விளக்கத் திடல் போடுவது, பயிற்சி கொடுப்பது அதன் கடமைகள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, நிலக்கோட்டை மல்லிகை, சிறுமலை வாழை, வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிச் சோளம் என்று ஒரே மாவட்டத்தில் மண்ணும் நீரும் விலையும் இத்தனை விதமாக இருப்பதால், மாநிலத்துக்கே பொதுவான பரிந்துரை இங்கே எடுபடுவதில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி ஆராய்ச்சி மையத்தை நடத்துகிறது. ஆடு, கோழி வளர்ப்போர் பயிற்சி பெற அங்கே போகிறார்கள். வேளாண் பல்கலைக்கழகத்துக்கு மலைச்சரிவில் தடியன்குடிசையிலும் கொடைக்கானலிலும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. தலைமை வளாகத்திலிருந்து விலகிய இத்தகைய கிளைகள்தாம் பெரும்பாலான விவசாயிகளுக்குத் தெரிந்த பல்கலைக்கழகம்.

2014-ல் மத்திய அரசு தொடங்கிய உன்னத பாரத இயக்கம், ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் சில கிராமங்களைத் தத்தெடுத்துப் பணி செய்யவேண்டும் என்றது. தமிழ்நாட்டில் அதற்கான ஒருங்கிணைப்புப் பொறுப்பு பெற்ற நிறுவனங்களில் காந்திகிராமமும் ஒன்று. பொறியியல் கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளும் கிராமக் கணக்கெடுப்பு எப்படிச் செய்வது என்று இங்கிருந்து கற்றன. நிறுவியவர்கள் இருவரும் இதற்கு முன்பே, சௌந்தரம் 1984-லும் ராமச்சந்திரன் 1995-லும், மறைந்திருந்தனர்.

சௌந்தரம் மறைந்த 1984-ஆம் ஆண்டிலேயே, இதே வட்டாரத்தின் மலையுச்சியில், கொடைக்கானலில், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கியது. மலையில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகம் சமவெளியில் வாழும் பெண்களை எட்டுவதற்காக மதுரையிலும் பிற நகரங்களிலும் ஆராய்ச்சி விரிவாக்க மையங்களை அமைத்தது. அம்மையங்களின் வரலாறு அடுத்த பகுதியில்.